சாட்சி சொல்லத் தகுந்தவர் யார்? ஸ்டீபன் குடும்பத்தின் நான்கு தலைமுறைகள்

1998ஆம் ஆண்டு மதுரையில் நான் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தபோது, என் சீனியர் முதலில் என் கையில் கொடுத்தது இந்திய சாட்சியச் சட்டத்துக்கான பழைய உரைநூல் ஒன்றை. அட்டை கழன்று, நூல் கோத்துத் தைக்கப்பட்டிருந்த அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் ஸ்டீபன் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. "பிரிவுகளை மனப்பாடம் பண்ணாதேம்மா, அந்த மனுஷன் எப்படி யோசித்திருக்கிறார் என்று பார்" என்றார் சீனியர். பல ஆண்டுகள் கழித்து, சட்டத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு விருப்பத்தில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபைப் படிக்கத் தொடங்கினேன். ஒரு நூலின் பின்பக்கத்தில் இருந்த குடும்ப மரத்தில் அதே பெயரைக் கண்டேன். நான் நாள்தோறும் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்ன பிரிவுகளை எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், வர்ஜீனியாவின் பெரியப்பா.

அந்த மரத்தில் மேலும் கீழும் ஏறி இறங்கியபடி பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். பிரிட்டனின் அறிவாளர் குடும்பங்கள் என்றால் டார்வின்களையும் ஹக்ஸ்லிகளையும்தான் முதலில் சொல்வார்கள். ஸ்டீபன்களை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், நான்கு தலைமுறைகளாக இந்தக் குடும்பம் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டியதாக எனக்குத் தோன்றுவதுதான். யாருடைய சொல் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படும்? யாருடைய சொல் காதிலேயே வாங்கப்படாது? ஒவ்வொரு தலைமுறையும் அந்த வாசலைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. திறந்த கையாலேயே வேறு சிலரை வெளியே நிறுத்தியது.

கதை ஒரு கடனாளிச் சிறையில் தொடங்குகிறது. லண்டனில் கிங்ஸ் பெஞ்ச் சிறை என்று ஒன்று இருந்தது. கடனைத் திருப்பித் தர முடியாதவர்களை அங்கே அடைப்பார்கள், குடும்பம் கூடவே தங்கலாம். 1758இல் பிறந்த ஜேம்ஸ் ஸ்டீபன் தன் சிறுவயதின் ஒரு பகுதியை அங்கேதான் கழித்தார். அவருடைய தந்தை உள்ளே இருந்தபடியே, கடனுக்காக ஒருவரைச் சிறையிடுவது இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவுக்கு எதிரானது என்று வாதாடினார். வழக்கில் தோற்றாலும், சட்டம் என்பது வாதிட்டு மாற்றக்கூடிய ஒன்று என்ற நினைப்பை மகனின் தலைக்குள் விதைத்துவிட்டுப் போனார்.

அந்த மகன் வழக்கறிஞராகி, பிழைப்புத் தேடி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். வழியில், 1783இல், பார்படோஸ் தீவில் கப்பல் தங்கியபோது ஒரு கொலை வழக்கின் விசாரணையைப் பார்க்க நேர்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் நான்கு கறுப்பின அடிமைகள். நம்பத்தகாத சாட்சியத்தின் பேரில் அவர்களை உயிரோடு எரிக்கத் தீர்ப்பானது. அந்தத் தீவுகளில் ஒரு வெள்ளையருக்கு எதிராக அடிமையின் சாட்சியம் செல்லாது. ஆனால் அடிமைக்கு எதிராக யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஜேம்ஸ் ஸ்டீபன் அன்று எடுத்த உறுதி, தன் வாழ்நாளில் ஓர் அடிமையையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. செயின்ட் கிட்ஸ் தீவில் 1794 வரை அவர் தொழில் செய்தார், அடிமைகளின் உழைப்பால் செழித்த ஊரில்தான் சம்பாதித்தார். ஆனாலும் வாக்கைக் காப்பாற்றினார். இடையில் இங்கிலாந்துக்கு வந்தபோது, அடிமை வணிகத்தை எதிர்த்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸைச் சந்தித்து, அடிமை வணிகம் பற்றித் தான் கண்டவற்றை அவருக்குத் தெரிவிக்கத் தொடங்கினார். 1800இல் வில்பர்ஃபோர்ஸின் சகோதரி சேராவை இரண்டாம் தாரமாக மணந்தார். லண்டனை ஒட்டிய கிளாப்பம் பகுதியில் கூடி வாழ்ந்த சீர்திருத்தக் கிறித்தவர்களின் வட்டத்தில் சட்ட மூளை அவருடையதே. 1807இல் அடிமை வணிகத்தை ஒழித்த சட்டத்தின் பின்னணியில் அவர் உழைப்பு இருக்கிறது.

வணிகம் நின்றும் கள்ளக்கடத்தல் நிற்கவில்லை. குடியேற்றங்களில் உள்ள அடிமைகள் ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதவேண்டும், எழுதினால் புதிதாகக் கடத்திவரப்பட்டவர்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஜேம்ஸ் ஸ்டீபன் போராடினார். அரசு அதற்கு ஆதரவு தராததால் 1815இல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். இந்தப் பதிவேட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய பேரன் காலத்தில் இன்னொரு பதிவேடு வரப்போகிறது. அடிமைமுறை முழுவதுமாக ஒழிவதைப் பார்க்காமலே 1832இல் அவர் இறந்தார்.

தந்தை பார்க்காததை மகன் தன் கையால் எழுதினார். இரண்டாம் ஜேம்ஸ் ஸ்டீபன், பிற்காலத்தில் சர் ஜேம்ஸ், குடியேற்ற அலுவலகத்தின் சட்ட ஆலோசகர். பேரரசின் பாதிச் சட்டங்கள் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்ற நிலையில், எதிரிகள் அவருக்கு 'திருவாளர் தாய்நாடு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கூச்ச சுபாவம் உடையவர், இன்பத்தை அஞ்சியவர். ஒருமுறை சுருட்டுப் பிடித்துப் பார்த்தபோது மிக நன்றாக இருந்ததால் இனி ஒருபோதும் தொடுவதில்லை என்று விட்டுவிட்டார். 1833இல் அடிமைமுறை ஒழிப்பு மசோதாவை அவசரமாக எழுதவேண்டி வந்தபோது, சனிக்கிழமை நண்பகலில் சொல்லத் தொடங்கித் திங்கள் நண்பகலுக்குள் 66 பிரிவுகளையும் முடித்தார். ஞாயிறு ஓய்வை உயிராகக் கடைப்பிடித்த ஒருவர் அந்த விதியை முறித்துச் செய்த வேலை அது.

சுமார் 8 லட்சம் பேரை விடுவித்த சட்டம் அது. அதைப் போற்றுகிறேன். ஆனால் அதன் உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதையும் சொல்லாமல் விட என்னால் முடியாது. நாடாளுமன்றம் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு தந்தது. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015இல்தான் தீர்ந்தது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் மேலும் சில ஆண்டுகள் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் அதே எஜமானர்களுக்கு உழைக்க வேண்டியிருந்தது, 1838இல்தான் அதுவும் முடிந்தது. அந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைத் தீவுக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் இது பொருந்தாது என்கிறது. தஞ்சை வயல்களில் பண்ணையடிமைகளாய் இருந்தவர்களும், யாழ்ப்பாணத்தில் குடிமை அடிமைகளாய் இருந்தவர்களும் அந்த ஒற்றைப் பிரிவில் விடுபட்டுப் போனார்கள். இந்தியாவில் 1843இலும் இலங்கையில் 1844இலும்தான் அடிமைமுறையின் சட்ட ஏற்பு நீங்கியது. இந்த விலக்கு சர் ஜேம்ஸின் சொந்த முடிவு என்று நான் கூறவில்லை. பேரரசின் மனசாட்சிக்கும் ஓர் எல்லைக்கோடு இருந்தது, அந்தக் கோட்டுக்கு வெளியே நம் முன்னோர் நின்றார்கள்.

சர் ஜேம்ஸின் பிள்ளைகளில் மூவர் இந்தக் கதைக்கு முக்கியம்: 1829இல் பிறந்த ஃபிட்ஸ்ஜேம்ஸ், 1832இல் பிறந்த லெஸ்லி, 1834இல் பிறந்த காரலைன் எமிலியா.

ஃபிட்ஸ்ஜேம்ஸ் பருத்த உடலும் உரத்த குரலும் கொண்டவர். ஈட்டன் பள்ளியில் மற்றச் சிறுவர்களிடம் அடிபட்டு வளர்ந்தவர். உலகம் வலிமையால் ஆளப்படுகிறது என்ற முடிவுக்கு அங்கேயே வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1869 இறுதியில் வைஸ்ராயின் ஆலோசனை சபையில் சட்ட உறுப்பினராகக் கல்கத்தா வந்து, 1872 வரையிலான இரண்டரை ஆண்டுகளில் அவர் செய்துமுடித்த வேலை மலைக்க வைப்பது. சாட்சியச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், திருத்தி எழுதப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாதி சமயச் சடங்கின்றி மணந்துகொள்ள வழிசெய்த சிறப்புத் திருமணச் சட்டம் ஆகியவை எல்லாம் அந்த ஒரே காலத்தில் நிறைவேறியவை.

சாட்சியச் சட்டத்துக்கு அவருக்கு முன்பிருந்த ஹென்றி மெய்ன் காலத்தில் ஒரு வரைவு இருந்தது. அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று கைவிடப்பட்டதால், ஃபிட்ஸ்ஜேம்ஸ் புதிதாகத் தொடங்கினார். இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாகத் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்ததை 167 பிரிவுகளில் வடித்தார். அந்தப் பிரிவுகளின் அழகை நீதிமன்றத்தில் நின்றவர்களால்தான் முழுதாக உணர முடியும். காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஓர் உண்மையை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு கிடையாது, நம்பத்தகுந்த ஒருவர் போதும். கேட்கும் கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவார்ந்த விடை சொல்ல இயலாதவர் என்று நீதிமன்றம் கருதினாலன்றி, எல்லோரும் சாட்சி சொல்லத் தகுதியுடையவர்கள். 118ஆம் பிரிவின் அந்த 'எல்லோரும்' என்ற சொல்லில் சாதி இல்லை, மதம் இல்லை, ஆண் பெண் பேதம் இல்லை. அதைப் படிக்கும்போதெல்லாம், பார்படோஸ் நீதிமன்றத்தில் திகைத்து நின்ற தாத்தாவின் அருகே பேரன் போய் நின்றுகொண்டது போல எனக்குத் தோன்றும்.

அதே பேரன்தான் 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவைச் சேர்த்தார். மெக்காலேயின் பழைய வரைவில் இருந்து தவறுதலாக விடுபட்டுப் போன ஒன்றை மீண்டும் சேர்ப்பதாகச் சொல்லித்தான் சேர்த்தார். 1908 ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றத்தில் நீதிபதி பின்ஹே, வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை விதித்தபோது கையில் இருந்தது இந்தப் பிரிவு.

1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சபையில் கொண்டுவந்தவரும் அவரே. சில சமூகங்களில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள், அவர்களைப் பதிவேட்டில் எழுதிக் கண்காணிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தாத்தா கேட்ட பதிவேடு மனிதரைக் காப்பதற்கு. பேரன் காலத்துப் பதிவேடு மனிதரைக் கட்டிப்போடுவதற்கு. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பக்கம் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. அந்த ஊர்களிலிருந்து வரும் கட்சிக்காரர்களின் வீட்டுப் பெரியவர்கள், ராத்திரியில் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுத்த கதையை இன்றும் சொல்வார்கள்.

என்னை மிகவும் வாட்டுவது வேறொன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து ஐந்தே மாதங்களில், 1872 மார்ச்சில், சாட்சியச் சட்டம் நிறைவேறுகிறது. அதன் 54ஆம் பிரிவு, குற்ற வழக்கில் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், கெட்ட நடத்தை உடையவர் என்பது வழக்குக்குத் தொடர்பற்றது என்கிறது. தனி ஒரு மனிதனின் கெட்ட பெயரையே சாட்சியமாக ஏற்காத சட்ட மூளை, ஒரு முழுச் சமூகத்தின் கெட்ட பெயரைப் பிறந்த குழந்தையின் தலையில் கட்டியது எப்படி? நீண்ட காலம் இதை முரண்பாடு என்றே நினைத்திருந்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. நீதிமன்றத்துக்குள் நிற்பவர் அவருக்குத் தனிமனிதர், நீதிமன்றத்துக்கு வெளியே இருப்பது ஆளப்பட வேண்டிய கூட்டம். கப்பலில் ஊர் திரும்பும்போது ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரக் கொள்கையை மறுத்து அவர் எழுதத் தொடங்கியவை 1873இல் நூலாயின. அதில் பெண்களுக்குச் சமத்துவம் கேட்ட மில்லையும் விட்டுவைக்கவில்லை. 1883இல் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதா வந்தபோது, இந்த அரசு இசைவால் அமைந்ததன்று, வெற்றியால் அமைந்தது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். எல்லோரும் சாட்சி சொல்லலாம், எல்லோரும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே அவர் நிலை.

அவருடைய முடிவு துயரமானது. இங்கிலாந்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த அவர் 1889இல் லிவர்பூலில் ஃப்ளாரன்ஸ் மேப்ரிக் என்ற பெண்ணின் வழக்கை விசாரித்தார். கணவருக்கு நஞ்சு வைத்ததாகக் குற்றச்சாட்டு. அன்றைய இங்கிலாந்தில் கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் வழக்கில் தானே சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது, 1898இல்தான் அந்த உரிமை வந்தது. அந்தப் பெண் சத்தியமின்றி ஓர் அறிக்கையை மட்டும் படித்தார். நடுவர்களுக்கு வழக்கைத் தொகுத்துரைத்த ஃபிட்ஸ்ஜேம்ஸ், நஞ்சு பற்றிய சான்றுகளில் தடுமாறி, அவருடைய கள்ள உறவைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. நீதிபதியின் நினைவாற்றல் மங்கிவருவதாகப் பேச்சு எழுந்து, 1891இல் பதவி விலகி, 1894இல் இறந்தார். 54ஆம் பிரிவை எழுதிய கை கடைசியில் அந்தப் பிரிவையே மறந்தது.

தம்பி லெஸ்லியின் வாழ்க்கை வேறு பாதையில் போனது. கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருக்க அன்று குருப்பட்டம் வேண்டும். அவரும் பெற்றார். ஆனால் நோவாவின் வெள்ளத்தை உண்மை வரலாறு போல மாணவர்களுக்குப் படித்துக்காட்டத் தன்னால் இயலாது என்று 1862இல் பொறுப்பைத் துறந்தார். தான் நம்பாத ஒன்றுக்குச் சாட்சியாக நிற்க மாட்டேன் என்ற அந்த நேர்மை, கிளாப்பம் தாத்தாவின் பக்தியிலிருந்து பிறந்ததே, பக்தி மட்டும் அதில் இல்லை. 1875 மார்ச் 23 இரவு, குருத்துவத்தை முறைப்படி கைவிடும் பத்திரத்தில் அவர் ஒப்பமிட்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி. அந்த இரவை நான் அடிக்கடி மனத்தில் ஓட்டிப் பார்ப்பதுண்டு. மலையேறுவதில் பெரும் வேட்கை கொண்ட லெஸ்லி, ஆல்ப்ஸில் ஷ்ரெக்ஹார்ன் சிகரத்தில் 1861இல் முதன்முதலில் கால் வைத்தவர்களில் ஒருவர். 1882 முதல் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் பதிப்பாசிரியர். முதல் தொகுதி 1885இல் வந்தது, 1900க்குள் 63 தொகுதிகள். ஒரு நாடு தன் மனிதர்களை நினைவில் வைத்துக்கொள்ள எழுதிய பெரும் சாட்சியம் அது. அதில் பெண்கள் மிகக் குறைவு.

அந்த அகராதி எழுதப்பட்ட வீடு, ஹைட் பார்க் கேட் 22ஆம் எண். முதல் மனைவி, நாவலாசிரியர் தாக்கரேயின் மகள், 1875இல் இறந்தபின், லெஸ்லி 1878இல் ஜூலியா டக்வொர்த்தை மணந்தார். கல்கத்தாவில் பிறந்த ஜூலியாவும் ஒரு கைம்பெண், மூன்று பிள்ளைகளின் தாய். இருவருக்கும் பிறந்தவர்கள் வனெசா, தோபி, வர்ஜீனியா, ஏட்ரியன். ஜூலியா நோயாளிகளையும் ஏழைகளையும் பார்த்துக்கொள்வதிலேயே தேய்ந்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 1889இல் வெளியான விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட பெண்களில் அவரும் ஒருவர். 1895இல் அவர் இறந்தபோது வர்ஜீனியாவுக்கு 13 வயது.

தோபியும் ஏட்ரியனும் கட்டணம் கட்டிப் பள்ளிக்கும், பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கும் போனார்கள். வனெசா ஓவியம் படித்தார். வர்ஜீனியா லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் கிரேக்கமும் வரலாறும் கொஞ்சம் படித்தார், மற்றபடி அப்பாவின் நூலகம்தான் அவருக்குப் பல்கலைக்கழகம். எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று லெஸ்லி தந்த உரிமை சிறியதன்று. ஆனாலும் தாத்தாவும் பெரியப்பாவும் அப்பாவும் அண்ணனும் தம்பியும் நடந்த கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் முற்றங்களில், அவர் பிற்காலத்தில் எழுதியபடி, புல்வெளியில் கால் வைத்தால் காவலாளி விரட்டுவான், நூலகத்துக்குள் போக ஆண் துணையோ அறிமுகக் கடிதமோ வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் வெளிச்சம் படாத இரண்டு பெண்களைச் சொல்லியாக வேண்டும். லெஸ்லியின் தங்கை காரலைன் எமிலியா, தந்தையின் முதுமையிலும் தாயின் நோயிலும் தன் இளமையைக் கழித்துவிட்டு, குவேக்கர் என்ற கிறித்தவ அவையில் சேர்ந்தார். யார் பேச வேண்டும் என்று யாரும் கட்டளையிடாத, மௌனத்தில் கூடியிருக்கும் வழிபாடு அது. 1909இல் இறந்தபோது வர்ஜீனியாவுக்கு 2,500 பவுண்டு விட்டுச் சென்றார். 1929இல் வர்ஜீனியா, ஒரு பெண் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண்டும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று எழுதியபோது, அந்தப் பணத்தைத் தருபவராக ஓர் அத்தையைப் படைத்தார். கதையில் வரும் அத்தை பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவர். உண்மையான அத்தையின் பணத்தோடு பெரியப்பாவின் இந்தியாவும் அந்தக் கற்பனைக்குள் வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றுகிறது. இன்னொருவர் ஃபிட்ஸ்ஜேம்ஸின் மகள் கேத்தரின். பெண் சமத்துவத்தை மறுத்து எழுதியவரின் மகள், 1911 முதல் 1920 வரை கேம்பிரிட்ஜில் நியூனம் பெண்கள் கல்லூரியின் முதல்வர். அவர் ஓய்வுபெற்ற மறு ஆண்டு, பெண்களுக்குப் பட்ட உரிமையை மறுத்து வாக்களிப்பு முடிந்ததும் மாணவர்கள் கூட்டமாக வந்து அந்தக் கல்லூரியின் வெண்கல வாயிற்கதவுகளைச் சிதைத்தார்கள். 1948இல்தான் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது.

1904இல் லெஸ்லி இறந்தபின் நால்வரும் அந்த இருண்ட வீட்டை விட்டு கார்டன் சதுக்கத்துக்குப் போனார்கள். வியாழக்கிழமை மாலைகளில் தோபியின் கேம்பிரிட்ஜ் நண்பர்கள் வர, ஆண்களும் பெண்களும் சமமாக அமர்ந்து பேசும் ஒரு வட்டம் உருவானது. தோபி 1906இல் டைஃபாய்டில் இறந்தார். அவருடைய நண்பர் லெனார்ட் வுல்ஃப் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

1905 தொடக்கம் முதல் 1907 வரை லெனார்ட் யாழ்ப்பாணக் கச்சேரியில் குடியேற்ற அரசின் அதிகாரி. தமிழ் கற்றுக்கொண்டார். அப்போது ஒரு யாழ்ப்பாண வழக்கறிஞர், தெருவில் குதிரைமேல் வந்த இவர் சாட்டையால் தன் முகத்தில் அடித்ததாகப் புகார் கொடுத்தார். லெனார்ட் மறுத்தார். தெருவோரக் கட்டடம் ஒன்றைச் சாட்டையால் சுட்டிக்காட்டியதாகச் சொன்னார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு தன் வரலாற்றை எழுதும்போது, தான் அடிக்கவில்லை என்பது உண்மை, ஆனால் அவர்களுடைய ஊரின் தெருவில் குதிரைமேல் இறுமாப்போடு உட்கார்ந்திருந்ததே அவர்கள் முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்ற பொருளில் எழுதினார். எதிர்த்தரப்பின் சாட்சியத்துக்குள் இருந்த உண்மையைப் பேரரசின் அதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்ட அந்தப் பக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வேலையைத் துறந்து 1912இல் வர்ஜீனியாவை மணந்தார். வர்ஜீனியாவுக்கு இலங்கை முன்பே அந்நியமில்லை. அம்மாவின் பெரியம்மா, புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தோடு அங்கே போய், தோட்டத் தொழிலாளர்களைப் படம் பிடித்து, 1879இல் அங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானவர்.

வர்ஜீனியாவின் எழுத்து முழுவதையும் ஒரு பெரும் சாட்சி விசாரணையாகவே என்னால் படிக்க முடிகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்தில் உட்கார்ந்து, பெண்களைப் பற்றி ஆண்கள் எழுதிய மலை மலையான நூல்களைப் புரட்டும், அந்த 1929ஆம் ஆண்டுக் கட்டுரையின் பகுதி, பெரியப்பா செய்த குறுக்கு விசாரணையின் முறையிலேயே அமைந்தது: யார் சொல்கிறார், அவருக்கு என்ன ஆதாயம், ஏன் இவ்வளவு கோபம்? 1938இல் எழுதிய நீண்ட கட்டுரையில், மகன்களின் கல்விக்காக மகள்கள் கட்டிய கண்ணுக்குத் தெரியாத கட்டணத்தையும், வீட்டுக்குள் தந்தையின் அதிகாரத்துக்கும் வெளியே எழுந்துகொண்டிருந்த பாசிசத்துக்கும் உள்ள உறவையும் எடுத்து வைத்தார். ஆண்களின் அணிவகுப்புகளையும் பட்டங்களையும் அங்கிகளையும் படம்போட்டுக் காட்டிய அவர் விரல் நீட்டியது தன் வீட்டு ஆண்களின் படங்களை நோக்கியும்தான். அதற்கு ஓராண்டு முன்புதான் வனெசாவின் மகன் ஜூலியன் ஸ்பெயின் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டச் சென்று இறந்திருந்தான்.

இன்னொரு சாட்சியத்தையும் அவர் தந்தார். தாயின் முதல் திருமணத்துப் பிள்ளைகளான இரு அண்ணன்மார் சிறுவயதில் தன்னிடம் முறைகேடாக நடந்ததை, நண்பர்கள் முன் படித்த கட்டுரையிலும் கடைசிக் காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பிலும் பதிவுசெய்தார். அவர் 1941இல் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அவை அச்சாயின. அதை முதன்முதலில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, பாதிக்கப்பட்ட பெண்ணிடம் அவருடைய பழைய வாழ்க்கையைப் பற்றி மணிக்கணக்கில் கேட்டார். தடுக்க முடியவில்லை. காரணம், ஃபிட்ஸ்ஜேம்ஸின் சட்டத்தில் 155(4) என்று ஒரு பிரிவு இருந்தது: வன்புணர்வு வழக்கில், புகார் சொன்ன பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவர் என்று காட்டலாம். எதிரியின் கெட்ட நடத்தை தொடர்பற்றது, பெண்ணின் நடத்தை தொடர்புடையது. 2003இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பெரியப்பா எழுதிய சட்டத்தின் கீழ் தம்பி மகள் கூண்டில் ஏறியிருந்தால் அவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டிருப்பார்கள்.

1932இல் டிரினிட்டி கல்லூரி, கிளார்க் சொற்பொழிவுகளை ஆற்ற வர்ஜீனியாவை அழைத்தது. அந்த வரிசையை 1880களில் தொடங்கிவைத்தவர் அவருடைய அப்பா. மகளுக்கு அழைப்பு வந்ததை அறிந்தால் அப்பா மகிழ்ந்து சிவந்திருப்பார் என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு, அழைப்பை மறுத்துவிட்டார்.

கடைசியாக லாரா. லெஸ்லியின் முதல் மனைவிக்கு 1870இல் பிறந்த மகள், வர்ஜீனியாவின் அக்கா. மனவளர்ச்சி குன்றியவர். எழுத்துக்கூட்டிப் படிக்கவைக்க லெஸ்லி பொறுமையிழந்து பாடுபட்டார். 1890களில் அவரைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கை இறந்த பிறகும் நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்து, 1945இல் காப்பகத்திலேயே இறந்தார். எல்லோரும் எழுதிக் குவித்த அந்த வீட்டில் அவர் எழுதியது எதையும் நான் படித்ததில்லை. அவரைப் பற்றி நான் அறிந்தவை எல்லாம் மற்றவர்கள் சொன்னவை.

சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு. சித்தம் கலங்கியவர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார், கேள்வியைப் புரிந்துகொண்டு விடை சொல்ல முடிந்தால் போதும் என்கிறது அது. லாராவுக்கு இரண்டு வயதுகூட நிறையாதபோது அவருடைய பெரியப்பா எழுதியது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய், பாரதிய சாட்சிய அதிநியம் வந்துவிட்டது. அந்தப் பிரிவு இப்போது 124ஆம் எண்ணில் இருக்கிறது, விளக்கமும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு வழக்கில், பேச்சு தெளிவாக வராத, மனவளர்ச்சி குறைந்த ஒரு பெண்ணைச் சாட்சியாக அழைத்தோம். நீதிபதி மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் அமர்ந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். இட்லி என்றாள். யார் ஊட்டியது என்று கேட்டார். நானேதான் சாப்பிட்டேன் என்று கோபமாகச் சொன்னாள். நீதிபதி சிரித்துவிட்டு, சாட்சியத்தைப் பதிவுசெய்யச் சொன்னார்.